பாய்லர் வாங்குமுன் கேட்க வேண்டிய கணக்கு

கட்டடங்களுக்கான வெந்நீர், வெப்ப அமைப்புகளை வடிவமைப்பதும், மற்றவர்கள் நிறுவியதைச் சரிபார்ப்பதும் என் தொழில். அதனால் தெரிந்தவர்களும் அறிமுகமே இல்லாதவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்த பாய்லர் நல்லது, எதை வாங்கலாம்? இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. இன்று சந்தையில் கிடைக்கும் தரமான பாய்லர்களுக்கிடையே உள்ள வேறுபாடு, அதே பாய்லரை இரண்டு வெவ்வேறு ஆட்கள் நிறுவுவதில் உண்டாகும் வேறுபாட்டைவிடக் குறைவு என்பதே என் அனுபவம். விளம்பரத்தில் அச்சிடப்பட்டிருக்கும் திறன், ஆய்வுக்கூடத்தில் குறிப்பிட்ட நிலைமைகளில் அளக்கப்பட்டது. அந்த நிலைமைகளை உங்கள் வீட்டிலோ நிறுவனத்திலோ உருவாக்கித் தருபவர் நிறுவுபவர்தான்.

நிறுவும் வேலை காகிதத்தில் தொடங்குகிறது. ஒவ்வோர் அறையும் குளிர்காலத்தில் எவ்வளவு வெப்பத்தை வெளியே விடுகிறது என்று கணக்கிடாமல் பாய்லரின் அளவைச் சொல்பவர் ஊகித்துச் சொல்கிறார் என்றே கொள்ள வேண்டும். கணக்கு கடினமானதல்ல. உள்ளே 20 டிகிரி செல்சியஸ், வெளியே 0 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1.5 வாட் கடத்தும் வெளிச்சுவர் 12 சதுர மீட்டர் இருந்தால், அதன் வழியே போவது 360 வாட். அதே அறையில் ஒற்றைக் கண்ணாடி போட்ட 2 சதுர மீட்டர் ஜன்னல், சுமார் 5 வாட் வீதம் கடத்துவதால், தனியாக 200 வாட்டை வெளியேற்றிவிடும். 36 கன மீட்டர் கொள்ளளவுள்ள அந்த அறையின் காற்று மணிக்கு ஒருமுறை மாறினால் இன்னுமொரு 240 வாட் சேரும். ஆக 800 வாட். இப்படி அறை அறையாகக் கூட்டி, கூரைக்கும் தரைக்கும் உரியதைச் சேர்த்தால், நடுத்தர அளவுள்ள வீடு ஒன்றுக்கு 8 அல்லது 10 கிலோவாட் போதும் என்று விடை வருவது வியப்பல்ல. அங்கே 30 கிலோவாட் பாய்லரை மாட்டி, "எதற்கும் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பலர்.

பெரிதாக இருப்பதால் என்ன நட்டம் என்று கேட்கலாம். தேவைக்கு மிஞ்சிய பர்னர் எரியத் தொடங்கிய சில நிமிடங்களில் நீரைச் சூடாக்கிவிட்டு அணைந்துவிடும். நீர் சற்று ஆறியதும் மறுபடி எரியும். ஒவ்வொரு முறை எரியுமுன்னும் விசிறி காற்றைச் செலுத்தி எரிகலத்தைச் சுத்தம் செய்யும்போது, சூடாக இருக்கும் வெப்பப் பரிமாற்றியின் வெப்பம் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. பற்றவைக்கும் மின்முனை, கேஸ் வால்வு, விசிறி எல்லாம் விரைவில் தேய்கின்றன. ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. சேமிப்புத் தொட்டி இல்லாமல் குழாயைத் திறந்ததும் நீரைச் சூடாக்கித் தரும் காம்பி வகைப் பாய்லரை, அறைகளின் தேவையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. 5 டிகிரியில் வரும் நீரை 40 டிகிரிக்கு உயர்த்த வேண்டுமானால், 24 கிலோவாட் பாய்லர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 9.8 லிட்டர்தான் தரும். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.2 கிலோஜூல் வேண்டும் என்பதிலிருந்து யாரும் இதைக் கணக்கிட்டுவிடலாம். ஒருவர் குளிக்க அது போதும். இரண்டு குளியலறைகளில் ஒரே நேரத்தில் ஷவர் திறந்தால் போதாது. அறைகளுக்கு 8 கிலோவாட், வெந்நீருக்கு 24 கிலோவாட் என்று தேவை பிரிந்து நிற்கும் இடத்தில், அந்த பாய்லர் எவ்வளவு தாழ்ந்து எரியும் என்பதே முக்கியக் கேள்வி. உச்ச அளவில் பத்தில் ஒரு பங்குவரை தாழும் பர்னர் 2.4 கிலோவாட்டில் நின்று நிதானமாக எரியும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க முடியாதது, மிதமான குளிர் உள்ள நாட்களில் 8 கிலோவாட்டுடன் எரிவதும் அணைவதுமாகவே இருக்கும். விலைப்பட்டியலில் பலரும் பார்ப்பது உச்ச அளவை. நான் முதலில் தேடுவது இந்தக் கீழ் அளவை.

அடுத்தது, புகையில் கலந்துள்ள நீராவியை நீராக்கி அதன் வெப்பத்தையும் பெறும் கண்டென்சிங் பாய்லர். இன்று வீடுகளுக்கு விற்கப்படும் கேஸ் பாய்லர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்; ஆனால் எங்கும் அவை ஆவியைக் குளிர்வித்து நீராக்கிக்கொண்டே இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரியும்போது ஏறக்குறைய ஒன்றரை கிலோ நீர், ஆவியாகப் புகையோடு கலந்து வருகிறது. அந்த ஆவியை நீராக்கினால் அதில் மறைந்திருக்கும் வெப்பமும் கிடைக்கும்; இயற்கை எரிவாயுவில் அது, வழக்கமாகப் பெறும் வெப்பத்தோடு மேலும் சுமார் 11 விழுக்காடுவரை சேரக்கூடியது. நிபந்தனை ஒன்றுதான்: அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டு பாய்லருக்குத் திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். 80 டிகிரியில் அனுப்பி 60 டிகிரியில் திரும்பப் பெறும் பழைய முறைப்படி அமைத்துவிட்டால், விலை கொடுத்து வாங்கிய கண்டென்சிங் பாய்லர் பழைய பாய்லரைப் போலவே உழைக்கும். வெப்பநிலையைக் குறைத்தால் போதும் என்றும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. 75 டிகிரியில் புகுந்து 65 டிகிரியில் வெளியேறும் நீரை வைத்து 1000 வாட் என்று மதிப்பிடப்பட்ட ரேடியேட்டர், 55 டிகிரியில் புகுந்து 45 டிகிரியில் வெளியேறும் நீரில் கிட்டத்தட்ட பாதி, அதாவது 515 வாட் அளவுதான் தரும். எனவே எந்த அறையில் உள்ள ரேடியேட்டர் இந்தக் குறைந்த வெப்பத்திலும் ஈடுகொடுக்கும், எதை மாற்றிப் பெரிதாகப் போட வேண்டும் என்று பார்ப்பதும் நிறுவுபவரின் வேலை. முன்பு சொன்ன அறைவாரிக் கணக்கு இங்கே மறுபடியும் உதவும். அது இல்லாதவர்கள் 80 டிகிரியிலேயே வைத்துவிட்டுப் போவதற்குக் காரணமும் இதுதான், குளிர்கிறது என்று யாரும் கூப்பிட மாட்டார்கள் அல்லவா.

காற்றும் புகையும் உயிரோடு தொடர்புடையவை. ஒரு கன மீட்டர் மீத்தேன் முழுமையாக எரிய சுமார் 9.5 கன மீட்டர் காற்று தேவை. அறைக்குள்ளிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும் பழைய வகை பாய்லரைக் கதவு, ஜன்னல் இடுக்குகளெல்லாம் அடைக்கப்பட்ட அறையில் வைத்தால், எரிதல் குறைபட்டு கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. சமையலறையில் பெரிய எக்ஸாஸ்ட் விசிறி ஓடும்போது, மேலே போக வேண்டிய புகை அறைக்குள்ளேயே இறங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். விசிறி நின்றிருந்தபோது செய்த சோதனையில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆகவே அந்தச் சோதனையை வீட்டிலுள்ள விசிறிகள் எல்லாவற்றையும் ஓடவிட்டு, கதவுகளைச் சாத்தி வைத்துச் செய்ய வேண்டும். காற்றை வெளியிலிருந்தே எடுத்து, புகையையும் வெளியிலேயே விடும் மூடிய வகை பாய்லரில் இந்த ஆபத்து மிகவும் குறைவு. இடமிருந்தால் வேறு எதையும் நான் பரிந்துரைப்பதில்லை. எந்த வகையாக இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

கண்டென்சிங் பாய்லரின் புகைக்குழாய் வெளிப்பக்கமாகச் சரியாமல் பாய்லரை நோக்கியே சற்றுச் சரிந்திருக்க வேண்டும். உள்ளே படியும் நீர் திரும்பி வந்து வடிகால் வழியே போவதற்காக. அந்த நீர் அமிலத்தன்மை கொண்டது என்பதால் செம்புக் குழாயில் விடக் கூடாது, பிளாஸ்டிக் குழாய்தான் வேண்டும். வடிகாலில் உள்ள வளைவுப் பகுதியில் பாய்லரை முதன்முறை எரியவிடுமுன்பே நீர் நிரப்பாவிட்டால், புகை அந்த வழியாக வீட்டுக்குள் வரும். உறைபனி விழும் இடங்களில் இந்த வடிகால் குழாயை வெளிச்சுவரில் மெல்லிய குழாயாக ஓட்டினால், மிகவும் குளிரான விடியற்காலையில்தான் அது அடைத்துக்கொண்டு பாய்லர் நின்றுபோகும். கேஸ் குழாயின் விட்டமும் இத்தகையதே: 24 கிலோவாட் பாய்லர் முழு அளவில் எரியும்போது மணிக்கு சுமார் இரண்டரை கன மீட்டர் இயற்கை எரிவாயு கேட்கும், அடுப்புக்கென்று போட்ட குழாயிலிருந்து கிளை எடுத்தால் அழுத்தம் விழும்.

பழைய பாய்லரைக் கழற்றிப் புதியதை வைக்கும்போது, பழைய குழாய்களில் இருக்கும் நீரை ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். மைக்கறுப்பாக வரும், வாளியின் வெளிப்புறம் காந்தம் ஒன்றை வைத்தால் அந்தக் கறுப்பு அதை நோக்கி நகர்ந்து சுவரில் படியும். ரேடியேட்டரின் உட்புறம் துருப்பிடித்து உண்டான இரும்பு ஆக்சைடு அது. குழாய்களைக் கழுவாமல் புது பாய்லரை இணைத்தால், அந்த நுண்துகள் மெல்லிய வழிகள் கொண்ட புது வெப்பப் பரிமாற்றியில்தான் போய் அடையும். கழுவுவது, காந்த ஃபில்டர் பொருத்துவது, அரிப்பைத் தடுக்கும் இரசாயனத்தைச் சரியான அளவில் கலப்பது ஆகிய மூன்றும் விலைக்குறிப்பில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விலையைக் குறைத்துத் தருகிறேன் என்பவர் பெரும்பாலும் இங்கேதான் குறைக்கிறார்.

பிரஷர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் மக்கள் தாங்களாகவே செய்துகொள்ளும் "பழுதுபார்ப்பு" இதில்தான் அதிகம். 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாகும்போது நீர் ஏறத்தாழ 3 விழுக்காடு விரிகிறது. அமைப்பில் 100 லிட்டர் நீர் இருந்தால் 3 லிட்டர் எங்காவது போக வேண்டும். அதற்காகவே ரப்பர்ச் சவ்வும் அதன் பின்னே காற்றும் கொண்ட விரிவுக் கலன் இருக்கிறது. அந்தக் காற்று போய்விட்டால், சூடேறும்போது அழுத்தம் 3 பார் (அழுத்தத்தின் அலகு) வரை ஏறி, பாதுகாப்பு வால்வு வழியாக நீர் சொட்டும். ஆறியதும் அழுத்தமானியின் முள் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். வீட்டில் இருப்பவர் குழாயைத் திறந்து நிரப்புவார். மறுநாள் மறுபடியும் அதே கதை. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் புதிய நீரோடு ஆக்சிஜன் உள்ளே போய் ரேடியேட்டரை உள்ளிருந்து தின்கிறது. எனவே அடிக்கடி நிரப்பத் தேவைப்படும் அமைப்பில் நீர் கசிகிறது, அல்லது விரிவுக் கலன் கெட்டிருக்கிறது என்றே முதலில் ஐயுற வேண்டும்.

வெந்நீரைத் தொட்டியில் சேமித்து வைப்பதானால் வெப்பநிலையில் விளையாடக் கூடாது. நுரையீரல் நோயை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரிவரை பெருகும். எனவே தொட்டியில் 60 டிகிரி வேண்டும். அதே 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதால், குழாய்க்கு அருகே தெர்மோஸ்டாட் கலப்பு வால்வு பொருத்த வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லித் தொட்டியை 45 டிகிரியில் வைக்கச் சொல்பவரின் ஆலோசனையை ஏற்காதீர்கள்.

நிறுவனங்களின் தேவை வேறு. தங்கும் விடுதிக்கோ மருத்துவமனைக்கோ 300 கிலோவாட் வேண்டும் என்றால், ஒரே பெரிய பாய்லரை வைப்பதைவிடத் தலா 200 கிலோவாட் உள்ள இரண்டை வைப்பது அறிவுடைமை. ஒன்று நின்றாலும் மற்றது மூன்றில் இரண்டு பங்கைத் தாங்கும். குறைந்த தேவை உள்ள மாதங்களில் ஒன்றே போதும். இரண்டையும் பொதுக் குழாயில் இணைக்கும்போது, பாய்லர்கள் பக்கத்து ஓட்டமும் கட்டடத்துப் பக்க ஓட்டமும் ஒன்றையொன்று இழுக்காதபடி நடுவே ஒரு ஹெடர் (இரு ஓட்டங்களும் சந்திக்கும் அகலமான குழாய்) தேவை. அது இல்லாமல் பம்புகள் ஒன்றோடொன்று போட்டியிடும் பாய்லர் அறைகள் பல உண்டு. அங்கே குறை பாய்லர் மீது சுமத்தப்படும்.

சலவை, சாயமேற்றல், உணவு பதப்படுத்துதல் போன்ற தொழில்களுக்கு நீராவி வேண்டும். நீராவி பாய்லரின் பெயர்ப்பலகையில் மணிக்கு 1000 கிலோ என்று இருந்தால், 100 டிகிரி நீரை 100 டிகிரி ஆவியாக்குவதை வைத்துச் சொன்ன எண் அது என்பதைத் தொழிலதிபர்கள் பலர் கவனிப்பதில்லை. 10 பார் அழுத்தத்தில், 30 டிகிரி நீரை ஊட்டினால் அதே பாய்லர் ஏறத்தாழ 850 கிலோதான் தரும். இயந்திரங்கள் கேட்பது 950 கிலோ என்றால், முதல் நாளிலிருந்தே பற்றாக்குறை. இயந்திரங்களில் ஆவி ஆறி உண்டாகும் சூடான நீரைச் சாக்கடைக்கு விடாமல் ஊட்டுநீர்த் தொட்டிக்கே திருப்பிக் கொண்டுவந்தால் இந்த இடைவெளி குறையும். ஊட்டுநீர் ஒவ்வொரு 6 டிகிரி உயர்வுக்கும் சுமார் ஒரு விழுக்காடு எரிபொருள் மிச்சமாகும். இந்தத் திரும்புக் குழாயை "பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று தள்ளிவைப்பவர்களிடம், பாய்லரின் அளவைத் தேர்ந்தெடுப்பதையும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

நீராவியில் பாதுகாப்பு விதிகள் கடுமையாக இருப்பதற்கு வரலாறு உண்டு. 1803-இல் லண்டனை அடுத்த கிரீனிச்சில் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் உயர் அழுத்த எஞ்சின் ஒன்றின் பாய்லர் வெடித்து நால்வர் இறந்தனர். இயந்திரத்தில் குறையில்லை, இயக்கியவர் பாதுகாப்பு வால்வைத் திறக்கவிடாமல் செய்திருந்தார். அதன்பின் டிரெவிதிக் இரண்டு வால்வுகள் வைக்கலானார், அவற்றில் ஒன்று இயக்குபவரின் கைக்கு எட்டாதது. நீர் குறைந்து சூடு ஏறினால் உருகி ஆவியை வெளியேவிடும் ஈய அடைப்பானையும் சேர்த்தார். 1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரில் காலணித் தொழிற்சாலை ஒன்றின் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்த பிறகே அந்த மாநிலம் 1907-இல் பாய்லர் விதிகளைக் கொண்டுவந்தது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கத்தின் பாய்லர் விதித்தொகுப்பு 1914-ஆம் ஆண்டுப் பதிப்பாக உருவானதற்கும் அதுவே ஒரு தூண்டுதல். 10 பார் அழுத்தத்தில் பாய்லருக்குள் இருக்கும் நீர் 184 டிகிரியில் இருக்கிறது. கலன் கிழிந்தால் அதில் ஆறில் ஒரு பங்கு அக்கணமே ஆவியாகி, ஆயிரத்து அறுநூறு மடங்கு அளவில் விரியும். கட்டடத்தைத் தகர்ப்பது நெருப்பு அல்ல, இந்த விரிவு.

ஆகவே நீராவி பாய்லரில் நான் முதலில் போய் நிற்பது நீர்மட்டக் கண்ணாடியின் முன். கீழ் வால்வைத் திறந்து கண்ணாடியைக் காலி செய்துவிட்டு மூடினால், நீர் சட்டென்று எழுந்து பழைய மட்டத்தில் நிற்க வேண்டும். மெதுவாக ஏறினால் இணைப்பில் அடைப்பு உண்டாகிவருகிறது என்று பொருள். கண்ணாடியில் தெரியும் நீர் உள்ளே இல்லாமலும் இருக்கலாம். அடுத்து, நீர் குறைந்தால் பர்னரை நிறுத்தும் கட்-ஆஃப் உண்மையிலேயே நிறுத்துகிறதா என்று, நீரை இறக்கிக் காட்டச் சொல்வேன். வயரிங் வரைபடத்தைக் காட்டி "எல்லாம் இணைத்திருக்கிறோம்" என்பது சோதனை ஆகாது. நீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர், ஆக்சிஜனை வெளியேற்றும் ஏற்பாடு, கரைந்த உப்புகள் கட்டுமீறாதபடி அவ்வப்போது நீரை வெளியேற்றும் ப்ளோடவுன் ஆகியவை கூடுதல் வசதிகள் அல்ல. அவை இல்லாமல் போன பாய்லரின் குழாய்களில் உப்புப் படிந்து, உலோகம் நீரால் குளிர்விக்கப்படாமல் சிவந்து வளைந்துபோயிருப்பதைக் கண்டவர்கள் அவற்றின் விலையைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

வேலை முடிந்துவிட்டது என்று நிறுவுபவர் கருவிகளை எடுத்து வைக்கும் நேரமே நீங்கள் அருகில் நிற்க வேண்டிய நேரம். புகைப் பகுப்பாய்வுக் கருவியை முதலில் வெளிக்காற்றில் வைத்துப் பூஜ்யம் செய்ய வேண்டும்; அறைக்குள் வைத்துச் செய்தால் அளவீடே பிழைபடும். மூடிய வகை பாய்லரில், காற்று உள்ளே வரும் வழியில் அந்தக் கருவியின் கம்பியைச் செலுத்திப் பார்க்கும்போது ஆக்சிஜன் வெளிக்காற்றில் உள்ள 20.9 விழுக்காட்டை ஒட்டியே இருக்க வேண்டும்; குறைந்தால் புகைக்குழாயின் இணைப்பு எங்கோ கழன்று, புகை காற்று வழியில் கலக்கிறது என்று அறியலாம். பிறகு பர்னரை முழு அளவில் எரியவிட்டுப் புகையை அளந்தால், இயற்கை எரிவாயுவுக்கான கண்டென்சிங் மாடல்கள் பெரும்பாலானவற்றில் கார்பன் டையாக்சைடு 9 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். தயாரிப்பாளரின் கையேட்டில் சரியான எல்லை தரப்பட்டிருக்கும். அதே அளவீட்டைத் தாழ்ந்த அளவிலும் எடுக்க வேண்டும். முழு அளவில் மட்டும் பார்த்துவிட்டுக் கருவியைப் பையில் போடுபவர்கள் மிகுதி. ஆனால் ஆண்டின் பெரும்பாலான மணி நேரம் உங்கள் பாய்லர் எரியப்போவது தாழ்ந்த அளவில்தான். ரேடியேட்டர்கள் ஒவ்வொன்றின் வால்வையும் திருகி, அருகில் உள்ளது எல்லா நீரையும் வாரிக்கொள்ளாமல் கடைசி அறைக்கும் போகும்படி சமன் செய்வது அலுப்பான வேலை, அதனாலேயே விட்டுப்போகும் வேலை.

விலைக்குறிப்புகளை ஒப்பிடும்போது பாய்லரின் மாடலையும் மொத்தத் தொகையையும் மட்டும் ஒப்பிட்டால் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. வெப்ப இழப்புக் கணக்கு, அனுப்பும் நீரின் வெப்பநிலை, புகைக்குழாய் போகும் வழி, வடிகால், கேஸ் குழாயின் விட்டம், கழுவும் முறை, சோதனைப் படிவம் ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். கேஸ் இணைப்பிலும் நீராவியிலும் வேலை செய்ய அந்தந்த இடத்துச் சட்டப்படி உரிமம் தேவைப்படும். அந்த உரிமம் நிறுவனத்தின் பெயரில் மட்டுமல்லாமல், வேலைக்கு வரும் ஆளிடமும் இருக்கிறதா, அது இந்த வகை வேலைக்குச் செல்லுமா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல தொழிலாளி கேட்டதும் எடுத்துக் காட்டுவார்.

சோதனைப் படிவத்தின் ஒரு பிரதியை பாய்லரின் மூடிக்குள்ளேயே ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். கேஸ் அழுத்தம், இரு அளவுகளிலும் எடுத்த புகை அளவீடுகள், விரிவுக் கலனின் காற்றழுத்தம், குளிர்ந்த நிலையில் நிரப்பிய அழுத்தம், அனுப்பும் நீரின் வெப்பநிலை ஆகியன அதில் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு சர்வீசுக்கு வருபவர் வேறு ஆளாக இருந்தாலும், அவர் அளந்த எண்களை இந்த எண்களோடு வைத்துப் பார்த்து, எது நகர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியும்.